எத்தனை வாட்? – ஹாம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும்

ஹாம் ரேடியோ பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் ரெண்டாவது நிமிஷத்துல வந்து நிக்கிற கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை வாட்?" நூறு வாட்னு சொன்னா, "அவ்ளோதானா? எங்க பாட்டி வீட்டு குண்டு பல்பே நூறு வாட்டாச்சே"ன்னு ஒரு பார்வை. ஆயிரத்து ஐநூறு வாட்னு சொன்னா உடனே மரியாதை கூடிடும். அந்த நூறுக்கும் ஆயிரத்து ஐநூறுக்கும் நடுவுல உக்காந்திருக்கிற பெட்டியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

ஹாம் ரேடியோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: காசு சம்பாதிக்கிற நோக்கம் இல்லாம, பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, அதுக்குன்னு ஒதுக்கின அலைவரிசைகள்ல உலகம் பூரா இருக்கிற மத்த உரிமக்காரங்களோட பேசறது. சிற்றலையில பேசறதுக்குக் கடையில கிடைக்கிற ரேடியோக்கள் பெரும்பாலும் 100 வாட் தரும். அமெரிக்காவுல எஃப்சிசி விதிப்படி அமெச்சூர்களுக்கான உச்சவரம்பு பொதுவா 1500 வாட் (பேச்சு உச்சத்துல இருக்கும்போது அளக்கிற கணக்கு). இந்த இடைவெளியை நிரப்பறதுதான் ஆம்ப்ளிஃபயர். செல்லமா ஆம்ப். பழைய ஆளுங்க 'லீனியர்'னு சொல்வாங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பெரிய விஷயம் இருக்கு, அப்புறம் வர்றேன்.

முதல்ல கணக்கு. பவர் பதினஞ்சு மடங்கு ஆனா கேக்கிறவருக்கு என்ன ஆகும்? பதினஞ்சு மடங்கு பலமாவா கேக்கும்? இல்லவே இல்லைங்க. ரேடியோவுல சிக்னல் பலத்தைக் காட்ட எஸ்-மீட்டர்னு ஒரு முள் இருக்கும். எஸ்1-ல ஆரம்பிச்சு எஸ்9 வரைக்கும் கோடு. இதுல ஒரு கோடு ஏறணும்னா 6 டெசிபல் கூடணும், அதாவது பவர் நாலு மடங்காகணும். 100 வாட்டை 400 ஆக்கினா ஒரு கோடு. 400-ஐ 1600 ஆக்கினா இன்னொரு கோடு. சட்டம் 1500-லயே நிறுத்திடுது. ஆக, மொத்த லாபம் 11.8 டெசிபல் சொச்சம், ரெண்டு கோட்டுக்கும் கொஞ்சம் கம்மி. அவ்ளோதான். இந்த ரெண்டு கோட்டுக்குத்தான் ஒரு பழைய கார் வாங்கற காசைக் கொட்றாங்க.

உங்க குரல் 100 வாட்ல அவருக்கு எஸ்7-ல கேட்டுட்டிருந்தா, ஆம்ப் போட்டா எஸ்9 பக்கத்துல வரும். ஆனா எஸ்7-லயே அவருக்கு உங்க பேச்சு தெளிவா புரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு. கூடுதல் 1400 வாட்டால அவருக்கு ஒரு எழுத்துகூட அதிகமா புரியப்போறதில்லை.

அப்போ ஆம்ப் வேஸ்டா? அதுவும் இல்லை. உங்க சிக்னல் அவர் ஊர் இரைச்சலுக்குள்ள முங்கி முங்கி எழுந்துட்டிருக்குன்னு வெச்சுக்குங்க. "யாரோ கூப்பிடறாங்க, யாருன்னு தெரியலை" நிலைமை. அங்க 12 டெசிபல்ங்கிறது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். பத்துத் தொடர்புல எட்டுக்கு ஆம்ப் தேவையே இல்லை, மீதி ரெண்டுக்கு அது இல்லாம வேலை ஆகாது. அந்த எட்டு எது, ரெண்டு எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியறதுதான் இதுல வித்தை.

சரி, பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

ஆம்ப் எதையும் புதுசா உற்பத்தி பண்றதில்லை. சுவத்துல இருந்து வர்ற கரண்டை, ரேடியோ தர்ற சின்ன சிக்னலோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி திறந்து மூடுது. மேல்நிலைத் தொட்டித் தண்ணியும் கீழ நாம திருகற குழாயும் மாதிரி. திருகறதுக்கு விரல் பலம் போதும், வர்ற தண்ணி தொட்டியோடது. வால்வு ஆம்புக்கும் டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் தத்துவம் ஒண்ணுதான். ஆனா ரெண்டோட சுபாவமும் நேரெதிர்.

எங்க பல்கலைக்கழக ஹாம் கிளப்புல இருக்கிறது ஹீத்கிட் எஸ்பி-220. என் வயசை விட அதுக்கு வயசு ரொம்ப ஜாஸ்தி. ஹீத்கிட் உதிரிப் பாகங்களா ஒரு அட்டைப்பெட்டியில போட்டு அனுப்புவாங்க, வாங்கினவர் வீட்டு மேஜையில வெச்சு சால்டர் பண்ணி முடிக்கணும். உள்ளே 3-500இசட்னு ரெண்டு கண்ணாடி வால்வு. ஒவ்வொண்ணும் 500 வாட் சூட்டைத் தாங்கும். ஆன் பண்ணினதும் ஆரஞ்சு வெளிச்சம். குளிர்காலத்துல கிளப் ரூம்ல யாருமே ஹீட்டரைத் தேட மாட்டாங்க. நூறு வாட் கொடுத்தா ஆயிரம் வாட்டுக்கு மேல திருப்பித் தரும்.

இதோட பிளேட்டுல ஓடறது 3000 வோல்ட் பக்கம். வோல்ட் ஜாஸ்தி, கரண்ட் கம்மி. அதனால வால்வு தன் வெளியீட்டுல எதிர்பாக்கிற தடை ரெண்டாயிரம் ஓம் வாக்குல இருக்கும். ஆன்டெனா கேபிளோ 50 ஓம். ரெண்டையும் சேத்து வைக்கிற தரகர் வேலையை ஒரு காயிலும் ரெண்டு மாறும் கன்டென்சரும் பண்ணுது. முன்பலகையில டியூன், லோட்னு ரெண்டு பெரிய குமிழ் இருக்கே, அதுதான் அந்தக் கன்டென்சர்கள். அலைவரிசை மாத்தும்போதெல்லாம் ரெண்டையும் மாத்தி மாத்தித் திருகி, முள்ளைப் பாத்து உச்சத்துக்குக் கொண்டு வரணும். வீணைக்குச் சுருதி சேக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்க. மெதுவா பண்ணினா வால்வு சிவந்து போயிடும். சும்மா சொல்லலை, உள்ள இருக்கிற பிளேட் நிஜமாவே செக்கச்செவேல்னு ஆகும்.

இப்போ வர்ற புது ஆம்புகள்ல எல்டிமாஸ் டிரான்சிஸ்டர். உள்ளங்கையில அடங்கற ஒரே ஒரு பொருள் ஆயிரத்து ஐநூறு வாட் தருது. டிவி, எஃப்எம் ஒலிபரப்பு நிலையங்கள் மாதிரி தொழில்துறைத் தேவைகளுக்குன்னு வந்தது, ஹாம்களுக்கும் வாய்ச்சுது. இதுக்கு 50 வோல்ட் போதும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: 1500 வாட் வெளிய வரணும், திறன் 60 சதவீதம்னா உள்ள 2500 வாட் போகணும். 50 வோல்ட்ல அது 50 ஆம்பியர்! வால்வுல அதே வேலைக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். எதிர்பாக்கிற தடையும் ரெண்டாயிரம் ஓம் இல்லை, மூணு நாலு ஓம். அதனால குமிழ் திருகற வேலை இல்லை, அகலப்பட்டை டிரான்ஸ்ஃபார்மரே பாத்துக்கும். ஆனா ஆன்டெனா சரியில்லைன்னா வால்வு கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுத் தாங்கும். டிரான்சிஸ்டர் மைக்ரோ வினாடிகள்ல போயிடும். அதனாலதான் இந்தப் பெட்டிகள்ல பாதி சர்க்யூட் தன்னைத் தானே காப்பாத்திக்கிறதுக்கே செலவாகுது.

அந்த 2500-ல மிச்சம் 1000 வாட்? சூடுதான். ஒரு இஸ்திரிப்பெட்டி பெட்டிக்குள்ளயே ஓடுதுன்னு அர்த்தம். அமெரிக்க வீட்டுச் சாதாரண சாக்கெட் 120 வோல்ட், 15 ஆம்பியர், மொத்தம் 1800 வாட்தான். ஆக 240 வோல்ட் லைன் தனியா வேணும். அபார்ட்மென்ட்ல அது இருக்கிற ஒரே இடம் துணி உலர்த்தற மெஷின் பின்னாடி. நம்மள மாதிரி ரூம்மேட்களோட குப்பை கொட்றவங்களுக்குக் கதை இங்கயே முடிஞ்சுது :-)

வால்வு ஆம்புல இன்னொரு விஷயத்தைச் சிரிப்பில்லாம சொல்லணும். 3000 வோல்ட் ஆளைக் கொல்லும். ஸ்விட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கன்டென்சர்கள் மின்னூட்டத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமா வடிக்கிறதுக்குன்னு தடைகள் இருக்கும். அந்தத் தடை ஒண்ணு அறுந்து போயிருந்தா வெளியில இருந்து யாருக்கும் தெரியாது. எங்க கிளப்புல மூடியைத் திறக்கறதுன்னா ரெண்டு பேர் ரூம்ல இருக்கணும், பிளக் கழட்டி மேஜை மேல கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும், காத்திருக்கணும், வோல்ட் மீட்டர் முள் சுழியத்துல இருந்தாலும் நம்பாம, நீளமான காப்புக் கைப்பிடியில தரையோட இணைச்ச கொக்கியால தொட்டுப் பாக்கணும். அப்புறம்தான் கை உள்ளே. இணையத்துல "நான் முப்பது வருஷமா அப்படியே கை விடறேன்"னு சொல்ற பெரியவர்கள் இருக்காங்க. அப்படிச் செஞ்சு போய்ச் சேர்ந்தவங்க வந்து எழுத மாட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

இப்போ அந்த 'லீனியர்' விஷயம்.

நம்மூர்ல ஆடி மாசம் கூழ் ஊத்தற அன்னிக்கு மைக்செட் கட்டுவாங்களே, நினைவிருக்கா? காலையில பாட்டு நல்லாத்தான் கேக்கும். பத்து மணிக்கு யாராவது "சத்தம் பத்தலைப்பா"ம்பாரு, அவர் குமிழைக் கடைசி வரைக்கும் திருகுவாரு. அதுக்கப்புறம் பாட்டு எது, தவில் எது, அறிவிப்பு எதுன்னே தெரியாம எல்லாம் சேந்து கரகரன்னு ஒரே இரைச்சல். ஆம்ப் தன்னால முடிஞ்ச உயரத்தைத் தொட்டதும் அலையோட தலையை வெட்டிடுது. தலை வெட்டுப்பட்ட அலையில, உள்ள போன சிக்னல்ல இல்லாத புதுப்புது அதிர்வெண்கள் பிறக்கும்.

மைக்செட்ல அந்தக் கரகரப்பு அதே தெருவோட போச்சு. ரேடியோவுல அது பக்கத்து அலைவரிசைல பேசறவங்க தலையில போய் விழும். ஒரு கணக்கு பாக்கலாம். 14.200 மெகாஹெர்ட்ஸ்ல எஸ்எஸ்பி முறையில பேசறீங்க. பேச்சுக்குப் பதிலா 700, 1900 ஹெர்ட்ஸ்னு ரெண்டு சுரத்தை மட்டும் அனுப்பறதா வெச்சுக்கலாம். வானத்துல 14200.7, 14201.9 கிலோஹெர்ட்ஸ்னு ரெண்டே ரெண்டு கோடுதான் இருக்கணும். ஆனா ஆம்ப் நேர்மையா இல்லைன்னா 14203.1-லயும் 14199.5-லயும் ரெண்டு பொய்க்கோடு முளைக்கும். இன்னும் மோசமா ஓட்டினா 14204.3, 14198.3. இதெல்லாம் உங்க எல்லைக்கு வெளிய. 14.197-ல உக்காந்து பேசிட்டிருக்கிற ஒருத்தரோட வீட்டுக்குள்ள நீங்க குப்பை கொட்டறீங்க. உங்களுக்கு அது தெரியவும் தெரியாது, ஏன்னா உங்க நண்பர் "பிரமாதமா கேக்குது"ன்னுதான் சொல்வாரு.

ரேடியோ அனுப்பற சிக்னலை வடிவம் கெடாம, அளவை மட்டும் பெருசாக்கணும். அதுதான் லீனியர். மோர்ஸ், எஃப்எம் ரெண்டுக்கும் இது அவ்வளவு முக்கியமில்லை. எஃப்எம்ல அலையோட உயரம் மாறவே மாறாது, மோர்ஸ்ல இருக்கு அல்லது இல்லை. அதனால 'சி' வகுப்பு ஆம்பே போதும், திறனும் அதிகம். எஸ்எஸ்பி அப்படி இல்லை, பேச்சோட ஏத்த இறக்கம் முழுக்க அலையோட உயரத்துலதான் இருக்கு. 'ஏ' வகுப்பு ரொம்ப யோக்கியம், ஆனா ஏட்டுக்கணக்குலயே 50 சதவீதத் திறனைத் தாண்டாது. 'பி' வகுப்பு 78.5 சதவீதம் வரைக்கும் போகும், ஆனா அலை சுழியத்தைக் கடக்கிற இடத்துல கோணும். நடுவுல சமரசமா 'ஏபி'. ஹாம் லீனியர்கள் பெரும்பாலும் இங்கதான் இருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அந்த மூணாம் படிப் பொய்க்கோடு இருக்கே, உள்ள போற சிக்னலை ஒரு டெசிபல் குறைச்சா அது மூணு டெசிபல் குறையும் (ஏட்டுக்கணக்குப்படி. நிஜ ஆம்ப் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்). 1500 வாட்டை 1200 ஆக்கினா நீங்க இழக்கிறது ஒரே ஒரு டெசிபல், எஸ்-மீட்டர்ல ஆறுல ஒரு பங்கு கோடு. உலகத்துல ஒருத்தர் காதுக்கும் தெரியாது. பக்கத்து அலைவரிசைக்காரருக்கு மட்டும் நிம்மதி. இவ்வளவு மலிவான நல்ல காரியம் வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க? ஆனா முள் 1500-ஐத் தொடாம தூக்கம் வராத ஆளுங்க நிறைய பேர்.

அந்தப் பக்கத்து ஆள் யாரா வேணா இருக்கலாம். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் தலைமையில ஒரு ஹாம் குழு அந்தமான் போர்ட் பிளேர்ல இருந்து ஒலிபரப்பிட்டிருந்தாங்க. உலகம் பூரா ஹாம்கள் அந்த அரிய இடத்தைப் பிடிக்க முண்டியடிச்சிட்டிருந்த நேரத்துல சுனாமி வந்துச்சு. விளையாட்டை அப்படியே நிறுத்திட்டு, தீவுல இருக்கிறவங்க உசுரோட இருக்காங்களான்னு மெயின்லேண்டுக்குச் சேதி சொல்ற வேலையில இறங்கினாங்க. அந்த மாதிரி நேரத்துல இரைச்சலோட விளிம்புல ஒரு மெல்லிசான குரல் வரும். அது மேல யாரோ ஒரு ஆயிரத்து ஐநூறு வாட்காரரோட கரகரப்பு வந்து விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆம்ப் பயன்படற அதே விளிம்புலதான் அது கெடுதலும் பண்ணும்.

ஆம்பை ஊரே சேந்து கெடுத்த கதையும் உண்டு. எழுபதுகள்ல அமெரிக்காவுல சிடிசன்ஸ் பேண்ட் மோகம். லாரிக்காரங்க 27 மெகாஹெர்ட்ஸ்ல பேசற, உரிமப் பரீட்சை இல்லாத சேவை. ஏஎம் முறையில நாலு வாட்தான் அனுமதி. ஆளாளுக்கு லீனியர் வாங்கி மாட்டி நூத்துக்கணக்கான வாட்ல அலறினாங்க. 1978-ல எஃப்சிசி, 24-ல இருந்து 35 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வேலை செய்யற ஆம்பை விக்கவே கூடாதுன்னுட்டாங்க. அந்த வீச்சுக்குள்ள ஹாம்களோட 10 மீட்டரும் மாட்டிக்கிச்சு. எஸ்பி-220-க்கு அடுத்து வந்த எஸ்பி-221-ல 10 மீட்டரே கிடையாது. 2006-லதான் அந்தத் தடையைத் தளர்த்தினாங்க. இப்பவும் கடையில விக்கிற ஆம்ப் 26-28 மெகாஹெர்ட்ஸ்ல பெருக்கக் கூடாது.

இப்போ அதே வேலையை இணையத்துல விக்கிற மலிவு ஆம்ப் போர்டுகள் பண்ணுது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒண்ணு வரவழைச்சாரு. பவர் என்னவோ வந்துச்சு. ஆனா வெளியீட்டுல வடிகட்டி சுத்தமா இல்லை. 7.1-ல பேசினா 14.2-லயும் 21.3-லயும் கூடவே பேசுது! விதிப்படி 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ இந்த மாதிரி வேண்டாத சிக்னல் குறைஞ்சது 43 டெசிபல் அடங்கி இருக்கணும். அதாவது 1500 வாட்ல 75 மில்லிவாட்டுக்கு மேல கசியக் கூடாது. வடிகட்டி வாங்கிச் சேத்த பிறகு பாத்தா, ஆரம்பத்துலயே நல்ல ஆம்ப் வாங்கின செலவுக்குப் பக்கத்துல வந்து நின்னுது.

ஹாம்கள் நடுவுல 'முதலை'ன்னு ஒரு திட்டு உண்டு. வாய் பெருசு, காது சிறுசு. ஆம்ப் நம்ம குரலை மட்டும்தான் பெருசாக்கும். நமக்குப் பதில் சொல்றவரோட குரலை ஒரு பொட்டுகூட ஏத்தாது. உலகமே நம்மளைக் கேக்கும், நமக்குத்தான் யாரையும் கேக்காது. ஆன்டெனா அப்படி இல்லை, போற சிக்னலுக்கும் வர்ற சிக்னலுக்கும் ஒரே மாதிரி உதவும். மூணு கம்பி யாகி ஆன்டெனா சாதாரண இருமுனை ஆன்டெனாவை விட ஆறு ஏழு டெசிபல் தரும். 100 வாட் பேசறவர் கிட்டத்தட்ட 400 வாட் பேசின மாதிரி, கூடவே காதும் கூர்மையாகும். சூடு கிடையாது, 240 வோல்ட் கிடையாது, யாரும் சாக மாட்டாங்க (கூரையில இருந்து விழாத வரைக்கும்).

நிலாவுல சிக்னலை மோதவிட்டுத் திரும்ப வாங்கிப் பேசறவங்களுக்கு இந்த ரெண்டுமே வேணும். 144 மெகாஹெர்ட்ஸ்ல போய் வர்ற வழியில மட்டும் சுமார் 252 டெசிபல் காணாமப் போகும். 1960 ஜூலையில 1296 மெகாஹெர்ட்ஸ்ல நிலா வழியா முதல் இருவழி அமெச்சூர் தொடர்பு நடந்தது. ஒரு முனையில இருந்தது வால்வு கம்பெனி ஐமேக்கோட ஹாம் கிளப். அந்த 3-500இசட் வால்வு செஞ்ச அதே ஐமேக். 2010 ஏப்ரல்ல அரெசிபோவோட 305 மீட்டர் தட்டை ஹாம்களுக்குச் சில நாள் கொடுத்தாங்க. 432 மெகாஹெர்ட்ஸ்ல அந்தத் தட்டோட லாபம் சுமார் 60 டெசிபல், பத்து லட்சம் மடங்கு! எந்த ஆம்பாலயும் கிட்ட வர முடியாது. சின்ன ஆன்டெனா வெச்சிருந்தவங்ககூட நிலாவுல இருந்து வர்ற குரலைக் கேட்டாங்க. 2020 டிசம்பர்ல அந்தத் தொலைநோக்கி இடிஞ்சு விழுந்துடுச்சு.

இன்னொரு பக்கம் மென்பொருள். நோபல் பரிசு வாங்கின வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-ல எஃப்டி8-னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழ கிடக்கிற சிக்னலைக்கூட கம்ப்யூட்டர் படிச்சிடும். அஞ்சு வாட்ல கண்டம் தாண்டறாங்க. அதுலயும் ஆம்ப் போடற மகானுபாவர்கள் உண்டு. ஒரு எச்சரிக்கை: எஃப்டி8 ஒவ்வொரு முறையும் பதிமூணு வினாடி கிட்ட இடைவிடாம முழு பவர்ல நிக்கும். பேச்சு அப்படி இல்லை, நடுநடுவுல மூச்சு விடும். பேச்சுக்குன்னு கட்டின எஸ்பி-220 மாதிரி ஆம்பை எஃப்டி8-ல முழுசா ஓட்டினா வால்வு சீக்கிரம் கண்ணை மூடிடும். பாதிக்கும் கீழ வெச்சுக்கணும்.

எங்க கிளப்ல பழக்கம் என்னன்னா, முதல்ல 100 வாட்லயே கூப்பிடறது. அவங்க "மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க"ன்னா மட்டும் ஆம்ப். தொடர்பு கிடைச்சு, அலைவரிசை நல்லாத் திறந்துடுச்சுன்னா திரும்ப அணைச்சுடுவோம். பேச்சை முடிக்கத் தேவையான குறைஞ்ச பவரைத்தான் பயன்படுத்தணும்னு எஃப்சிசி விதியே சொல்லுது. இந்த விதியை மதிக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

அமெரிக்காவுல படிக்கிற நம்ம மக்களுக்கு ஒரு தகவல். உரிமம் வாங்க குடியுரிமை தேவையில்லை, அமெரிக்க முகவரி இருந்தா போதும் (வெளிநாட்டு அரசுப் பிரதிநிதியா இருக்கக் கூடாது). முதல் பரீட்சை டெக்னீஷியன், 35 கேள்வி, 26 சரியா இருந்தா பாஸ். மொத்தக் கேள்வி வங்கியும் முன்கூட்டியே பொதுவுல கிடைக்கும், நம்ம ஊர் 'கொஸ்டின் பேங்க்' உருப்போட்ட பரம்பரைக்கு இது ஜுஜுபி. எஃப்சிசி கட்டணம் 35 டாலர். டெக்னீஷியனுக்குச் சிற்றலையில 200 வாட்தான் வரம்பு. ஆம்ப் வாங்கலாமா வேண்டாமாங்கிற கவலை அடுத்த பரீட்சை பாஸான பிறகுதான்.